100 டேப்புக்கு எந்த எவாப்பரேட்டர்: 2க்கு 4 தட்டைப் பான் போதுமா, ஃப்ளூ பானுக்கே போய்விடலாமா?

வடக்குத்தோப்பு:

எல்லோருக்கும் வணக்கம். ஒன்டாரியோவில், பீட்டர்பரோவுக்கு வடக்கே இருக்கிறோம். வீட்டுக்குப் பின்னால் உள்ள தோப்பில் 60 டேப் (மரத்தில் துளையிட்டுச் சாறு வடிக்கச் செருகும் குழாய்) போட்டு மேப்பிள் பாகு காய்ச்சுகிறோம். பெரும்பாலும் சர்க்கரை மேப்பிள், ஓரத்தில் கொஞ்சம் சிவப்பு மேப்பிள். பக்கத்துத் தோட்டத்துக்காரர் தன் மரங்களிலும் டேப் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டார், ஆக வரும் பருவத்தில் 100 டேப் ஆகும்.

இப்போதைய அடுப்பு சிமென்ட் பிளாக் அடுக்கிக் கட்டியது. மேலே மூன்று தட்டுகள், விருந்துகளில் சாப்பாட்டைச் சூடாக வைப்பார்களே, அந்த நீளமான எஃகுத் தட்டுகள். மூன்றும் சேர்ந்து மணிக்கு 15 லிட்டர் ஆவியாக்கினால் பெரிது, ஏனென்றால் குளிர்ந்த சாற்றை ஊற்றுகிற ஒவ்வொரு தடவையும் கொதி அடங்கிவிடுகிறது, திரும்பக் கொதிக்கும்வரை விறகு வீணாக எரிகிறது. இரவு உறைபனி, பகலில் நல்ல வெயில் என்று அமைகிற நாளில் டேப்புக்கு 5 லிட்டர்கூட வரும். 60 டேப்புக்கு 300 லிட்டர். இந்த அடுப்பில் அதைக் காய்ச்ச 20 மணி நேரம். மனைவியும் நானும் வேலைக்குப் போகிறவர்கள், வார நாட்களில் மாலை 5 மணிக்கு மேல்தான் தீ மூட்ட முடியும்.

எவாப்பரேட்டர், அதாவது சாற்றுத் தண்ணீரை ஆவியாக்கும் அடுப்பும் பானும் வாங்கலாம் என்றிருக்கிறோம், இரண்டு யோசனை இருக்கிறது. ஒன்று, தடுப்புகள் வைத்த 2 அடிக்கு 4 அடி தட்டைப் பான், அதற்கென்றே செய்த இரும்பு அடுப்போடு. இன்னொன்று ஒரேயடியாக 2க்கு 6, பின்னால் அடியில் ஆழமான மடிப்புகள் வைத்த ஃப்ளூ பான், முன்னால் பாகுப் பான். செலவு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, ஆனால் திரும்பத் திரும்ப மாற்றிக்கொண்டிருக்க விருப்பமில்லை. விறகுக்குக் கவலையில்லை, வண்டு அரித்துப் பட்டுப்போன ஆஷ் மரங்கள் நிறைய நிற்கின்றன. கொட்டகை 10க்கு 12 அடி. நீங்கள் என்றால் எதை வாங்குவீர்கள்?

பனிக்கரை:

வணக்கம். நான் வெர்மான்ட்டில் இருக்கிறேன், லிட்டர் கணக்கிலேயே சொல்கிறேன். டேப் எண்ணிக்கையை வைத்து எவாப்பரேட்டர் வாங்காதீர்கள். அதிகம் சாறு வரும் நாளில் எத்தனை லிட்டர், அன்று அடுப்பு முன்னால் எத்தனை மணி நேரம் நிற்க முடியும், இந்த இரண்டையும் எழுதுங்கள். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் வருவதுதான் உங்களுக்கு வேண்டிய வேகம்.

100 டேப், நல்ல நாளில் 500 லிட்டர். தட்டைப் பானில் ஒரு சதுர அடிக்கு மணிக்கு ஏறக்குறைய 4 லிட்டர் ஆவியாகும், இது எல்லோரும் வைத்துக்கொள்ளும் பொதுக்கணக்கு. 2க்கு 4 என்றால் 8 சதுர அடி, 30 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். அடியிலிருந்து காற்று ஊதும் ப்ளோயர் வைத்து, அடுப்புக்குள் சூடு வெளியேறாமல் கட்டினால் 40, 45 வரை போகும். 500 லிட்டருக்கு அப்போதும் 11, 12 மணி நேரம் ஆகிறது. 2க்கு 6 ஃப்ளூ பான் நன்றாக ஓடினால் 90, 100 லிட்டர் தரும், காரணம் தீ பானின் அடியில் மட்டும் படாமல், கீழே இறங்கியிருக்கும் ஆழமான மடிப்புகளுக்கு நடுவே புகுந்து ஓடுகிறது, சூடு ஏறும் பரப்பு பல மடங்கு ஆகிவிடுகிறது. 5, 6 மணி நேரத்தில் வேலை முடியும்.

இதைப் பார்த்தால் பெரியதுதான் சரி என்று தோன்றும். ஆனால் 500 லிட்டர் வரும் நாட்கள் பருவத்தில் சிலதான். மற்ற நாட்களில் 100, 150 லிட்டர் வந்தால் பெரிய பானை நிரப்புவதற்கே அதில் பெரும் பங்கு போய்விடும். 2க்கு 4 பானில் ஒன்றரை அங்குல ஆழம் என்றால் சரியாக ஒரு கன அடி, 28 லிட்டர். ஃப்ளூ பானில் அந்த மடிப்புகள் எல்லாம் நிரம்ப வேண்டும், இதைப்போல இரண்டு மூன்று மடங்கு உள்ளே நிற்கும். அவ்வளவும் இனிப்பேறிய பிறகுதான் முதல் பாகு வெளியே வரும், அதற்குள் உங்கள் சாறு தீர்ந்திருக்கும்.

இன்னொன்று, எதையும் வாங்குவதற்கு முன் சாற்றின் சர்க்கரை அளவைக் காட்டும் ஒரு ரிஃப்ராக்டோமீட்டர் வாங்குங்கள். 86ஐ சாற்றின் சர்க்கரை அளவால் வகுத்தால் ஒரு லிட்டர் பாகுக்கு எத்தனை லிட்டர் சாறு என்று வந்துவிடும். 2 சதவீதம் என்றால் 43 லிட்டர். ஒன்றரை என்றால் 57. இரண்டரை என்றால் 34. சிவப்பு மேப்பிளில் பெரும்பாலும் சர்க்கரை குறைவாகத்தான் இருக்கும். இந்த அரை சதவீதம் கூடுவதும் குறைவதும் உங்கள் மாலை வேளைகளை மாற்றிவிடும்.

சாறுகாய்ச்சி:

பனிக்கரை அக்கா போட்ட கணக்கு சரி. நான் வேறு பக்கமாகப் பார்க்கச் சொல்வேன். 500 லிட்டரையும் ஏன் அடுப்பில் ஏற்ற வேண்டும்? சாற்றிலிருந்து தண்ணீரைப் பிரித்தெடுக்க ஒரு சின்ன ஆர்ஓ போடுங்கள். வீட்டுக் குடிதண்ணீருக்கு வைக்கிற அதே வகை மெம்பிரேன், அழுத்தம் கூட்ட ஒரு பூஸ்டர் பம்ப், அவ்வளவுதான். 2 சதவீதச் சாற்றை 4 ஆக்கினால் பாதித் தண்ணீர் போய்விட்டது, 500 லிட்டர் 250 ஆகிவிட்டது. 5 வரை கொண்டுபோனால் காய்ச்ச வேண்டியது 200 லிட்டர்தான். விறகும் அதே அளவுக்கு மிச்சமாகும்.

கவனிக்க வேண்டியவை உண்டு. மெம்பிரேன் பெட்டியில் போட்டிருக்கும் அளவு 25 டிகிரி தண்ணீருக்கானது. நம் சாறு 3, 4 டிகிரியில் வருகிறது, அதில் பாதிதான் கிடைக்கும் என்று நினைத்து மெம்பிரேன் எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள். நாளுக்கு 150 கேலன் அளவுள்ளவை நான்கு இருந்தால் மணிக்கு 40 லிட்டருக்கும் மேல் தண்ணீரைப் பிரிக்கும் என்று கணக்குக்கு வைத்துக்கொள்ளலாம். அது தன்பாட்டுக்கு ஓடும், நீங்கள் அலுவலகத்தில் இருக்கும்போதே வேலை நடக்கும், இதுதான் இதன் பெரிய லாபம். ஒரு இரவுகூட உறையவிடக் கூடாது, உறைந்தால் மெம்பிரேன் போயிற்று. அதனால் கொட்டகையில் வைக்காமல் வீட்டின் நிலவறையில் வையுங்கள். ஓடி முடிந்ததும் பிரிந்து வந்த சுத்தத் தண்ணீரையே திருப்பி விட்டு அலசுங்கள். சர்க்கரை கூடின சாறு சீக்கிரம் கெட்டுப்போகும், அன்றைக்கே காய்ச்சிவிட வேண்டும்.

ருசி குறையுமா என்று கேட்பார்கள். 4, 5 சதவீதத்தோடு நிறுத்தினால் நீங்கள் அதற்கப்புறமும் நன்றாகக் கொதிக்கவிடத்தான் போகிறீர்கள், அந்தக் கொதியில்தான் நிறமும் மணமும் ஏறுகிறது. எங்கள் வீட்டுப் பாகில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

விறகடுப்பு:

எல்லோரும் பானைப் பற்றியே பேசுகிறீர்கள். மணிக்கு எத்தனை லிட்டர் என்பதைத் தீர்மானிப்பது அடுப்பு. மோசமான அடுப்பின் மேல் நல்ல பானை வைத்தால் புகைபோக்கி சிவக்கும், பான் சோம்பலாகக் கொதிக்கும். நான் பல வருடமாக 2க்கு 4தான் வைத்திருக்கிறேன், ஒன்டாரியோ லானார்க் பக்கம். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

இரும்புத் தகட்டுக்கு உள்ளே முதலில் செராமிக் பிளாங்கெட் (சூடு தாங்கும் நார்ப் போர்வை), அதற்கு மேல் தீச்செங்கல். பிளாங்கெட் வெட்டும்போது முகக்கவசம் கட்டாயம், அந்த நார் நுரையீரலுக்கு ஆகாது. விறகு எரிகிற அறையைத் தாண்டியதும் அடுப்பின் தரை சரிவாக மேலே ஏற வேண்டும், அந்தச் சரிவுதான் தீயைத் தூக்கிப் பானின் அடியில் ஒட்டவைத்துப் பின்னால் அனுப்புகிறது. தரை தாழ்ந்து இருந்தால் தீ கீழேயே ஓடிப் புகைபோக்கிக்குள் போய்விடும். பானுக்கும் அடுப்பு விளிம்புக்கும் நடுவே கயிறு மாதிரி வரும் செராமிக் கேஸ்கெட் வையுங்கள், இடைவெளி வழியாகக் குளிர்காற்று உள்ளே வந்தால் அந்த ஓரத்தில் கொதியே வராது. புகைபோக்கியின் உயரம் அடுப்பு நீளத்தைப்போல இரண்டு மடங்கு என்பது பழைய கணக்கு. 2க்கு 4 என்றால் 8 அடி, 2க்கு 6 என்றால் 12 அடி.

விறகை மணிக்கட்டு கனத்துக்கு மேல் வைக்காதீர்கள். வீட்டுக் கணப்புக்குப் பிளப்பது போலப் பெரிய துண்டாகப் போட்டால் தீ மந்தமாகிவிடும். உங்கள் ஆஷ் நல்ல விறகுதான், ஆனால் நின்றபடியே காய்ந்த மரம் என்று நம்பிவிடாமல் இந்தக் கோடைக்குள் பிளந்து கூரைக்கு அடியில் அடுக்குங்கள். 7, 8 நிமிடத்துக்கு ஒருமுறை, அலாரம் வைத்து, கதவைத் திறந்து கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு உடனே மூடுங்கள். கதவு திறந்திருக்கும் ஒவ்வொரு நொடியும் பானுக்கு அடியில் குளிர்காற்று போகிறது, முன்பக்கப் பகுதியில் கொதி சட்டென்று படுத்துக்கொள்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

உங்களுக்குக் கொதி அடங்கும் பிரச்சினை போக வேண்டுமானால் குளிர்ந்த சாற்றை மொத்தமாக ஊற்றுவதை நிறுத்துங்கள். பானின் ஒரு மூலையில் சாற்றின் மட்டத்தைத் தானே சீராக வைக்கும் மிதவைப் பெட்டி, அதற்குள் விரல் கனத்தில் சாறு தொடர்ந்து வந்துகொண்டிருக்க வேண்டும். அதற்கு முன் புகைபோக்கியையோ ஆவியையோ பயன்படுத்திச் சூடாக்கி அனுப்ப முடிந்தால் இன்னும் நல்லது. தடுப்புகளுக்கு இடையே சாறு பாம்பாக வளைந்து வந்து கடைசிக் கால்வாயில் பாகாகிறது. அங்கே குமிழி மாறுவதைக் கவனியுங்கள்: தண்ணீர்க் குமிழி பெரிதாக உடைந்து தெறிக்கும், பாகுக் குமிழி சின்னச் சின்னதாக, பொன்னிறத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டு வரும். அதிரசத்துக்குப் பாகு வைத்தவர்களுக்கு இந்தக் கண் பழக்கம் ஏற்கனவே இருக்கும். அகப்பையைத் தூக்கிச் சாய்த்தால் சொட்டாக விழாமல் விளிம்பில் திரையாகத் தொங்கும். அன்றன்று தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கிறதோ அதற்கு மேல் 4 டிகிரி, அதுதான் பதம். காற்றழுத்தம் மாறினால் கொதிநிலையும் மாறும், அதனால் 104 என்று எழுதி ஒட்டிவைத்துவிட்டு அதையே நம்பாதீர்கள்.

பான் கருகுவது பெரும்பாலும் இரவு முடிவில்தான். சாறு தீர்ந்துவிடும், தணல் மட்டும் தகதகவென்று இருக்கும், இனிப்பு அடியில் மெலிந்து நிற்கும், அப்போது அடிப்பிடித்தால் சில நிமிடத்தில் பான் வளைந்துவிடும். கடைசி 30, 40 லிட்டர் இருக்கும்போதே விறகு போடுவதை நிறுத்துங்கள். பக்கத்தில் ஒரு வாளி சாறு தயாராக இருக்கட்டும், சாறு இல்லாவிட்டால் தண்ணீர்.

வடக்குத்தோப்பு:

எல்லோருக்கும் மிகவும் நன்றி, இவ்வளவு விவரமாக எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. இன்னும் மூன்று சந்தேகம். வார நாளில் இரவு 10 மணிக்கு அணைத்துவிட்டால் பானில் பாதி காய்ந்த சாறு நிற்குமே, அப்படியே விடலாமா? ஃப்ளூ பானைக் கழுவுவது சிரமமா? அப்புறம், இங்கே ஒருவர் தன் தாத்தா காலத்து 2க்கு 6 செட்டை மிகக் குறைந்த விலைக்குத் தருகிறேன் என்கிறார், பான்கள் கால்வனைஸ்டு (துத்தநாகம் பூசிய) தகடு, இணைப்புகளில் பற்றவைத்த இடம் சாம்பல் நிறத்தில் தடித்துத் தெரிகிறது.

பனிக்கரை:

அந்தப் பான்களை வாங்க வேண்டாம். அந்தச் சாம்பல் நிறத் தடிப்பு ஈயம் கலந்த சால்டர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சாறு அதன் மேல் மணிக்கணக்கில் கொதிக்கிறது, நாற்பது லிட்டரை ஒன்றாக்கும் வேலை இது, உள்ளே இறங்கிய ஈயமும் அதேபோலத்தான் செறியும். கால்வனைஸ்டு தகட்டின் பூச்சிலேயேகூட அந்தக் காலத்தில் ஈயம் இருந்தது. வினிகர் ஊற்றிக் கழுவினால் இன்னும் மோசம். குழந்தைகள் சாப்பிடுகிற பொருள் இது. சால்டர் இல்லாமல் டிக் வெல்டிங் செய்த ஸ்டெயின்லெஸ் பான் மட்டும் வாங்குங்கள். அடுப்பு மட்டும் நல்ல நிலையில் இருந்தால் அதை மட்டும் கேட்டுப் பாருங்கள்.

இரவு பானில் விடுவது சகஜம். ஆழத்தைக் கூட்டி, மூடி போட்டு, மறுநாள் அங்கிருந்தே தொடங்கலாம். வெளியே குளிர் இருக்கும்வரை இரண்டு நாள்கூடத் தாங்கும். ஏப்ரலில் வெயில் ஏறிவிட்டால் இது நடக்காது, பாகு இழுபடும், புளித்த வாடை வரும். கடுங்குளிர் வந்தால் ஃப்ளூவுக்குள் சாறு உறைந்து இணைப்பு விரியலாம், அந்த இரவுகளில் வடித்துவிட வேண்டும். தட்டைப் பானுக்கு இந்தப் பயம் குறைவு.

கழுவுவதைப் பொறுத்தவரை, காய்ச்சக் காய்ச்சச் சாற்றிலிருக்கும் கால்சியம் மாலேட் அடியில் மணலாகப் படியும். தட்டைப் பானில் வினிகரோ, புளிக்கவைத்த சாறோ ஊற்றி ஊறவிட்டுத் தேய்த்தால் போய்விடும். ஃப்ளூவில் கை நுழையாது, ஊறவைக்கும் நேரம்தான் கூடுதல். வெளிப்பக்கத்தில் புகைக்கரி படியும், பானைத் தூக்கிவிட்டு ஃப்ளூக்களுக்கு நடுவே தூரிகையால் தேய்க்க வேண்டும். தூக்க இரண்டு பேர் வேண்டும்.

கிழக்குமேடு:

கியூபெக்கிலிருந்து எழுதுகிறேன். கொட்டகையைப் பற்றி யாரும் சொல்லவில்லை. 10க்கு 12ல் 2க்கு 6 அடுப்பை வைத்தால், முன்னால் கதவு திறந்து விறகு போட நான்கைந்து அடி, பின்னால் புகைபோக்கி, பக்கத்தில் தொட்டி என்று இடம் முடிந்துவிடும். மணிக்கு 90 லிட்டர் தண்ணீர் ஆவியாகிக் கூரையைத்தான் தொடும். கூரை உச்சியில் திறந்து மூடுகிற ஆவிக்கூண்டு இல்லையென்றால் மரக்கட்டையில் தண்ணீர் வழிந்து பானுக்குள்ளேயே சொட்டும். புகைபோக்கி கூரையைத் துளைக்கும் இடத்தில் இன்சுலேட் செய்த வளையம் வேண்டும், சுவருக்கும் அடுப்புக்கும் போதிய இடைவெளி வேண்டும். ப்ளோயர் ஓடும்போது கதவைத் திறந்தால் தீயும் புகையும் முகத்துக்கு வரும், அதனால் திறக்கும் முன் அணைக்க ஒரு கால் சுவிட்ச் வையுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று சுவரில் மாட்டிவிடுங்கள். காப்பீட்டுக்காரரிடமும் நகராட்சியிலும் அடுப்பு வைப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

கடைசிப் பதத்தை எவாப்பரேட்டரிலேயே பிடிக்க வேண்டும் என்றில்லை. கொஞ்சம் முன்னதாக, 55 அல்லது 60 பிரிக்ஸில் (சர்க்கரைச் சதவீதம்) எடுத்துக் கேஸ் அடுப்பில் சின்னப் பானில் முடியுங்கள், நிதானமாக, அடர்த்தி காட்டும் ஹைட்ரோமீட்டர் விட்டுப் பார்க்கலாம். கனடாவில் 66க்குக் குறைந்தால் அது மேப்பிள் பாகு என்று விற்க முடியாது, வீட்டுக்கே என்றாலும் அதற்குக் கீழே இருந்தால் புளித்துப் பூஞ்சை பிடிக்கும். ரொம்ப ஏறிவிட்டால் பாட்டில் அடியில் கற்கண்டு கட்டும். சூடாக இருக்கும்போதே வடிகட்டி, 85 டிகிரி வாக்கில் பாட்டிலில் ஊற்றி, மூடியதும் ஒருமுறை படுக்கவைத்து எடுங்கள்.

என் கருத்து, உங்கள் கொட்டகைக்கும் மாலை நேரத்துக்கும் 2க்கு 4.

வடக்குத்தோப்பு:

உட்கார்ந்து கணக்குப் போட்டோம். பகலில் ஆர்ஓ நிலவறையில் ஓடட்டும், 500 லிட்டர் நாளில் மாலைக்குள் 200, 250க்கு வந்துவிடும். ப்ளோயரோடு 2க்கு 4, மணிக்கு 40 லிட்டர் என்று வைத்தால் 5, 6 மணி நேரம். இடையிடையே இருவரும் மாறி மாறி நின்றால் வார நாளிலும் நடக்கும், ஆர்ஓவில் விடாத சாறு மிஞ்சினால் பனிக்குள் புதைத்த தொட்டியில் சனிக்கிழமைவரை வைக்கலாம். பெரிய நாள் இல்லையென்றால் 28 லிட்டர் பானை நிரப்பக் கஷ்டமே இல்லை. ஃப்ளூ பான் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம், பழைய பான்களையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் அடுப்பைத் தனியாகத் தருவாரா என்று கேட்டேன், 6 அடி நீளத்தைச் செங்கல் வைத்துக் குறைத்தால் ஓடுமா?

விறகடுப்பு:

ஓடும், ஆனால் பானின் பின் விளிம்பு எங்கே வருகிறதோ அங்கேயே புகைபோக்கியும் வர வேண்டும். பின்னால் 2 அடி வெற்றாக விட்டால் அந்த இடத்தில் சூடு வீணாகும். தகட்டை வெட்டிப் பற்றவைக்கத் தெரிந்தவர் இருந்தால் வாங்குங்கள், இல்லையென்றால் 4 அடி அடுப்பே புதிதாக வாங்குவது லாபம். வாங்குவதற்கு முன் உள்ளே விளக்கடித்து, கம்பித்தட்டு உட்காரும் இரும்புச் சட்டத்தைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். மந்தமாகச் சத்தம் வந்தால் துரு தின்றிருக்கிறது. ப்ளோயருக்கு வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சுவிட்ச் உள்ளதாகப் பாருங்கள், முழு வேகத்தில் விட்டால் சாம்பல் கிளம்பிப் பானின் அடியில் ஒட்டும். முதல் தடவை மூட்டும்போது பானில் வெறும் தண்ணீர் ஊற்றி இரண்டு மூன்று மணி நேரம் கொதிக்கவிடுங்கள். புதுப் பானின் எண்ணெய்ப் பிசுக்கு போகும், செங்கல் ஈரம் காயும், மணிக்கு எத்தனை லிட்டர் என்ற உண்மையான கணக்கும் கிடைத்துவிடும்.

வடக்குத்தோப்பு:

சரி, ஞாயிறு போய்த் தட்டிப் பார்த்துவிட்டு வந்து படத்தோடு போடுகிறேன்.